எஃப் துளைக்குள் கை விடுவதற்கு முன்

மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஒரு தம்பி போன மாதம் பட்டறைக்கு வந்தார். ஒரு கையில் கிப்சன் இஎஸ்-335 பாணிக் கிட்டார், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் நான்கு குமிழ், நான்கு நட்டு. "அண்ணே, சத்தம் விட்டு விட்டு வந்துச்சு. கழட்டிட்டேன், திரும்ப மாட்ட முடியல." கிட்டாரின் மேற்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளையிலிருந்து ஒயர்கள் குடல் சரிந்ததுபோலத் தொங்கின. பழுது என்னவோ கேபிள் செருகும் ஜாக்கில் அறுந்திருந்த ஒரே ஒரு ஒயர்தான்.

கட்டை உடம்புக் கிட்டார் என்றால் மூடியைக் கழற்றியதும் எல்லாம் கண்முன் இருக்கும். இதுபோல உள்ளே கூடாக இருக்கும் ஹாலோ-பாடியில் பெரும்பாலும் அந்த மூடியே கிடையாது. அதனால் கழற்றுவதற்கு முன்பே நோய் எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேர் பார்ப்பதில்லை. அப்புறம் கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை வையுங்கள். வால்யூம் முழுசாக இருக்கட்டும், ஸ்விட்ச் ஒரு பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) நிற்கட்டும். ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப் என்றால் பொதுவாக 7 முதல் 9 கிலோ ஓம் காட்டும். 500 கிலோ ஓம் பக்கம் காட்டினால் வால்யூம் பாட் (குமிழுக்குக் கீழே சுழலும் மின்தடை) பிழைத்திருக்கிறது, பிக்கப் சுருளோ அதன் ஒயரோ அறுந்திருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் ஜாக், ஸ்விட்ச், இடையிலுள்ள ஒயர் என்று தேடலாம். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட். எஃப் துளையைத் தொடாமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

ஜாக் ஒயர் ஏன் அறுகிறது? நட்டு தளர்ந்ததும் ஸ்பேனரைப் போட்டு இறுக்குகிறோம். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றுகிறது, ஒயர் முறுக்கேறி ஒருநாள் விட்டுவிடுகிறது. ஜாக் சுற்றாமல் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்க வேண்டும்.

குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குக் கழற்றவே தேவையில்லாமல் போகலாம். கான்டாக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை எஃப் துளை வழியாக பாட்டின் இடுக்கில் வைத்து ஒரு சொட்டு அடித்து, குமிழை முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய் வேண்டாம்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயமில்லை. தொட்டும் மாற்றமே இல்லையென்றால் கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸுக்குப் போகும் எர்த் ஒயரைப் பாருங்கள். தொட்டதும் ஷாக் அடித்தால் வாசிப்பை அப்போதே நிறுத்துங்கள். பழுது ஆம்ப்பிலோ பிளக் பாயின்ட்டிலோ இருக்கிறது. கம்பி, ஜாக் வழியாக ஆம்ப்பின் உலோக உடம்போடு சேர்ந்திருக்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டி வைத்திருப்பவர்களை இன்றைக்கும் மேடைகளில் பார்க்கிறேன். அடுத்து மைக்கில் உதடு படும்போது என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

சரி, கழற்றியே தீரவேண்டுமா? போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் ஜாக்கின் கழுத்திலும் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையை வெளியே டேப் போட்டு ஒட்டிவிட்டு உள்ளே தள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது நரம்பை இழுத்தால் அதது அதன் துளைக்கே வந்து நிற்கும். நரம்பு கட்டாமல் கழற்றிய தம்பியின் கிட்டாரோடு நான் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினேன்.

அதிலும் ஒரு வேடிக்கை. ஜாக்கைப் பற்றவைத்து மேசைமேல் சோதித்தபோது நன்றாகப் பேசியது. உள்ளே மாட்டியதும் ஊமை! பிக்கப் ஒயரின் எர்த்தான வெளிப்பின்னல் ஸ்விட்ச் முனையில் உரசிக்கொண்டிருந்தது. மறுபடி நரம்பைக் கட்டி வெளியே எடுத்து, பின்னலுக்கு ஸ்லீவ் போட்டு மாட்டினேன். இம்முறை கம்பி கட்டுவதற்கு முன்பே ஆம்ப்பில் செருகி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிக்கப்பை மெல்லத் தட்டினேன். டக், டக் என்றது. அப்புறம்தான் கம்பியை எடுத்தேன்.