கேஷ்: பதுக்கலா, கைநகலா?

"பக்கம் பழசாவே தெரியுதுங்க."

"கேஷ கிளியர் பண்ணிட்டுப் பாருங்க."

கும்பகோணத்து உரக்கடைக்காரரும் அவருடைய இணையதளத்தைப் பராமரிப்பவரும் விலைப்பட்டியல் மாறும் நாளெல்லாம் பேசிக்கொள்வது இந்த இரண்டு வரிதான். கிளியர் செய்ததும் புது விலை வந்துவிடுகிறது. எது கிளியர் ஆனது, அது அங்கே ஏன் இருந்தது என்று கடைக்காரருக்குத் தெரிவதில்லை. சொல் விளங்காததால் பொருளும் விளங்காமல் கிடக்கிறது.

பொருள் எளியது. ஒரு தகவலின் அசல் தொலைவிலோ, எடுக்க நேரமாகும் இடத்திலோ இருக்கிறது. அதை ஒருமுறை எடுத்துவந்ததும், அடுத்த முறைக்கு உதவும் என்று ஒரு நகலைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். அந்த நகலும் அது இருக்கும் இடமும்தான் கேஷ். அதைத் தூக்கி எறிந்தாலும் அசலுக்கு ஒன்றும் ஆகாது. மறுமுறை எடுத்துவரும் நேரம்தான் செலவு. எறிந்தால் தகவலே போய்விடும் என்றால் அது கேஷ் இல்லை, சேமிப்பு.

கேச், கேட்ச், கேஷே என்றெல்லாம் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் இதுவும் ரொக்கத்தைக் குறிக்கும் கேஷும் ஒரே ஒலிதான், வேர் வேறு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதியதோ, நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்ததால்.

கணினிக் கேஷின் வேர் பிரெஞ்சின் 'கஷே'. ஒளித்துவை என்று பொருள். வட அமெரிக்கக் காடுகளில் தோல் வணிகத்துக்காக அலைந்த பிரெஞ்சு பேசும் வேட்டைக்காரர்கள், திரும்பி வரும் வழியில் வேண்டிய உணவையும் சுமக்க முடியாத தோல்களையும் மறைவாக வைத்துவிட்டுப் போவார்கள். அந்த மறைவிடத்துக்குப் பெயர் கேஷ். ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்தது 1967-68இல். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில், மெதுவான பெரிய நினைவகத்துக்கும், கணக்குப் போடும் வேகமான செயலிக்கும் (பிராசசர்) நடுவே 16 கிலோபைட் அளவில் (32 வரை கூட்டலாம்) ஒரு சிறு நினைவகம் வைத்தார்கள். வடிவமைத்தவர்கள் அதை 'அதிவேக இடையகம்' என்றே எழுதியிருந்தார்கள். அந்நிறுவனத்தின் ஆய்விதழில் ஆசிரியராக இருந்த லைல் ஜான்சன், இன்னும் விளக்கமான பெயர் கேட்டார். யாரும் தராததால் 'கேஷ்' என்று தாமே சொன்னார். 1968இல் அச்சேறியது, நிலைத்துவிட்டது. அதற்கு முன் 1965இல் இதே கருத்தை எழுதிய மாரிஸ் வில்க்ஸ் 'அடிமை நினைவகம்' என்று பெயர் வைத்திருந்தார். நல்ல வேளை, அது ஒட்டவில்லை.

செயலியைப் பொறுத்தவரை 'ஒளித்துவைத்தது' பொருத்தமான பெயர். நிரல் எழுதுபவர் கண்ணுக்கு அந்த நினைவகம் படாது. எண் எங்கிருந்து வந்தது என்று நிரலுக்கும் தெரியாது. வலைக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. எதை வைத்துக்கொள்ளலாம், எத்தனை நொடி வைத்துக்கொள்ளலாம், யார் வைத்துக்கொள்ளலாம் என்பதை வலைத்தளம் கட்டுபவரே ஒவ்வொரு கோப்புக்கும் எழுதி அனுப்புகிறார். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதற்கு மறைவைச் சுட்டும் சொல் எதற்கு?

தமிழாக்கம் பிசகியதும் இங்கேதான். வேர்ச்சொல்லைப் பார்த்துப் 'பதுக்ககம்', 'பதுக்கு நினைவகம்' என்றார்கள். நெல் விளையும் ஊரில் 'பதுக்கல்' என்றால் என்ன நினைவு வரும்? விலை ஏறட்டும் என்று மூட்டையை மறைத்துவைப்பது. ரேஷன் அரிசியைப் பிடித்த செய்தி. பதுக்குபவன் அடுத்தவனுக்குக் கிடைக்காமல் செய்கிறான். கேஷ் அடுத்தவருக்கு விரைவில் கிடைக்கச் செய்கிறது. பொருள் நேர் எதிர்.

'தேக்ககம்' காதுக்கு இதம். காவிரிக்கரையில் தேக்கு, தேக்கம் எல்லாம் வீட்டுச் சொற்கள். ஆனால் 93.47 டிஎம்சி கொள்ளும் மேட்டூரில் நிற்பது நகல் நீர் அல்ல, அசலே அதுதான். திறந்துவிட்டால் குறையும். கேஷிலிருந்து ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் குறையாது, காலி செய்தாலும் இழப்பில்லை. பத்தாயம், குதிர் என்று போனாலும் இதே இடத்தில் இடறும்: பத்தாயத்து நெல்லுக்கு வேறெங்கும் அசல் கிடையாது.

'தற்காலிகச் சேமிப்பு' என்பது கைபேசித் திரைகளில் பழகிவிட்டது. தவறான சொல் அல்ல. ஆனால் தற்காலிகம் என்று சொல்கிறதே தவிர நகல் என்று சொல்லவில்லை. "சேமிப்பை அழிக்கவா?" என்று கைபேசி கேட்டால் படம் எல்லாம் போய்விடுமோ என்று கை பின்வாங்குவது இயல்புதானே.

டெல்டாவில் கேஷுக்குச் சரியான உவமை தண்ணீரிலும் இல்லை, நெல்லிலும் இல்லை. வீட்டுப் பெட்டியில் மடித்துவைத்த பட்டா நகலில் இருக்கிறது. அசல் பதிவு வருவாய்த் துறையிடம். ஒவ்வொரு தேவைக்கும் தாலுகா அலுவலகம் போக முடியாது என்று ஒரு படியை எடுத்து வீட்டில் வைக்கிறோம். பிறகு பாகம் பிரிகிறது, உட்பிரிவு எண் விழுகிறது, பட்டா மாறுதல் ஆகிறது. பெட்டியில் இருக்கும் தாளுக்கு அது தெரியாது. தாள் அழுத்தமாக, முத்திரையோடு, பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். உரக்கடையின் பழைய விலையும் இதே தாள்தான்.

அடங்கல் இன்னும் நெருக்கமான உவமை. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று பதியும் கிராமக் கணக்கு அது, 2ஆம் எண். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. போன பசலியின் அடங்கலை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நீட்டினால் எடுபடாது. தாள் கிழியவில்லை, எழுத்தும் மங்கவில்லை, கெடு முடிந்துவிட்டது. கேஷின் பாதி இலக்கணம் இந்தக் 'கெடு' என்ற சொல்லிலேயே அடங்குகிறது.

எனவே பரிந்துரை: கைநகல். தமிழில் 'கை' முன்னால் வந்தால் அருகில் இருப்பது, சிறியது, உடனே உதவுவது: கைமாற்று, கைச்செலவு, கைவைத்தியம். கைநகல் வைக்கும் இடம் கைநகலகம். மறுப்புகள் உண்டு. கையால் எழுதிய படி என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்குக் கையெழுத்துப் பிரதி என்ற தனிச்சொல் இருப்பதால் குழப்பம் நீடிக்காது. 'நகல்' அரபுச் சொல்லாயிற்றே என்பது அடுத்தது. ஆம், அசலும் அரபுதான்; இரண்டும் வருவாய்க் கணக்கோடு ஊருக்குள் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. 'படி' என்று மாற்றினால் 'கைப்படி' ஆகும். அது உண்மையாகவே 'கைப்பட எழுதியது' பக்கம் இழுத்துவிடும். நகலே இருக்கட்டும்.

இனி கைநகலின் நடைமுறை. பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவி (பிரவுசர்) ஒரு கோப்பைக் கேட்டால், அசலை வைத்திருக்கும் வழங்கி (சர்வர்) கோப்போடு ஒரு குறிப்பும் அனுப்புகிறது: 'கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=300'. இந்த நகலை 300 நொடி நம்பலாம் என்று பொருள், இதுதான் கெடு. அதற்குள் எத்தனை முறை பக்கத்தைத் திறந்தாலும் உலாவி வழங்கியைக் கேட்காமல் நகலையே காட்டலாம். கெடு முடிந்தால் உடனே எறிவதில்லை. நகலோடு வந்த 'ஈடேக்' என்ற அடையாளக் குறியை அனுப்பி, இன்னும் இதுதானா என்று கேட்கும். மாறவில்லை என்றால் வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும். கோப்பு திரும்ப வராது. பெட்டியிலுள்ள அடங்கலின் நாளைச் சொல்லி, மாற்றம் உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பதைப் போல.

அதிகம் பேர் சறுக்குவது இரண்டு சொற்களில். 'நோ-கேஷ்' என்றால் கைநகல் வைக்காதே என்று நினைக்கிறார்கள். இல்லை. வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் காட்டு என்பதே அதன் பொருள். வைக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்'. குறிப்பே அனுப்பாவிட்டால் கைநகல் வராது என்பதும் தவறு. உலாவி தானே ஒரு கெடுவை ஊகித்துக்கொள்ளலாம். கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாள் ஆயிற்றோ அதில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. நூறு நாள் தொடாத விலைப்பட்டியல் பத்து நாள் பழசாகவே நிற்கக்கூடும். உரக்கடைக் கதையின் காரணம் பெரும்பாலும் இதுதான்: யாரும் கெடு எழுதவில்லை.

கெடுவைப் பொருளுக்குத் தக்கபடி எழுத வேண்டும். கடையின் சின்னம், எழுத்துரு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைத்தாள் எல்லாவற்றுக்கும் ஓராண்டு தரலாம், அதாவது 31536000 நொடி. ஆனால் கோப்பின் பெயரிலேயே உள்ளடக்கத்துக்கான குறி இருக்க வேண்டும். கோப்பு மாறினால் பெயரும் மாறும், உலாவி புதிதாக எடுக்கும். அந்தப் பெயர்களைத் தாங்கிய முதன்மைப் பக்கத்துக்கு மட்டும் 'நோ-கேஷ்'. இதை மாற்றிப் போட்டால் வினை: பழைய முதன்மைப் பக்கம் கைநகலில் நிற்கும், அது கேட்கும் பழைய நடைத்தாளைப் புதுப்பித்தவர் வழங்கியிலிருந்து நீக்கியிருப்பார், வாடிக்கையாளருக்கு அலங்கோலமான பக்கமோ வெள்ளைத் திரையோ தெரியும். பழைய கோப்புகளைச் சில நாள் விட்டுவைப்பது நல்லது.

அணை நிலவரம் காட்டும் பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தரக்கூடாது. வெள்ளக் காலத்தில் கொள்ளிடக்கரையில் இருப்பவருக்கு நேற்றைய நீர்வரத்து எண், எண்ணே இல்லாததைவிட ஆபத்து. அதோடு, எண் எடுக்கப்பட்ட நேரத்தையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்; நகல் பழசானாலும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களில் விளையாடவே கூடாது. நடுவில் பலருக்கும் பொதுவான கைநகலகம் இருந்து, ஒரு விவசாயியின் கணக்குப் பக்கத்தை அது வைத்துக்கொண்டால், அடுத்து வருபவருக்கும் அதையே நீட்டும். குறைந்தது 'பிரைவேட்' (அவருடைய உலாவி மட்டும் வைத்துக்கொள்ளலாம்) என்று எழுத வேண்டும்; வங்கி எண், ஆதார் போன்றவை இருந்தால் 'நோ-ஸ்டோர்'.

அந்தப் பொதுக் கைநகலகங்களுக்கு நம் ஊரில் சொல் தயாராகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எட்ஜ்', அதாவது ஓரம் என்கிறார்கள்; பயனருக்கு மிக அருகில் இருக்கும் வழங்கி. வாய்க்கால் கடைசியாகப் போய்ச்சேரும் இடத்தின் பெயரால் நாம் கடைமடை என்று சொல்லலாம். அதன் தேவை கணக்கில் தெரியும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரை இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிநொடி. இணைப்புக்கு ஒருமுறை, தகவலைப் பூட்டி அனுப்புவதற்கான சாவியை மாற்றிக்கொள்ள ஒருமுறை, பக்கம் கேட்க ஒருமுறை என்று மூன்று நடை போனாலே 420. சென்னையில் ஒரு கடைமடைக் கைநகல் இருந்தால் தஞ்சாவூர்க்காரருக்கு இந்தத் தூரம் இல்லை.

விலை அதேதான்: பழசு நிற்கும். மேட்டூரில் மதகை அடைத்த பிறகும், ஏற்கெனவே புறப்பட்ட தண்ணீர் நாகப்பட்டினம் பக்கத்து வாய்க்கால்களில் சில நாள் ஓடிக்கொண்டிருக்கும். அசலில் விலையைத் திருத்திய பிறகும் கடைமடையில் பழைய விலை கெடு முடியும்வரை ஓடும். அவசரமென்றால் கடைமடை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அந்த முகவரிக்கு மட்டும் நீக்கம் கொடுக்க வேண்டும். அது உலாவிக்குள் ஏற்கெனவே போய்விட்ட நகலைத் தொடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உலாவிக்குள் இருப்பதற்கு, கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் அசலிலிருந்து வரும். கைபேசிச் செயலி என்றால் தொலைபேசியில் வழி சொல்பவர் கவனமாகச் சொல்ல வேண்டும். அமைப்புகளில் தற்காலிகச் சேமிப்பை அழிப்பதற்குப் பக்கத்திலேயே, செயலியின் எல்லாத் தரவையும் அழிக்கும் பொத்தானும் இருக்கிறது. அதைத் தொட்டால் உள்நுழைவு போய்விடும், அனுப்பாமல் செயலிக்குள் வைத்திருந்த விண்ணப்பமும் போய்விடும். "கேஷ கிளியர் பண்ணுங்க" என்பதற்குப் பதில், "கைநகலை மட்டும் அழிங்க, தரவைத் தொடாதீங்க" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் எந்தப் பொத்தான் என்று தாமே பார்த்துக்கொள்வார்.