பிரீசிங்க்ட்: வாக்குச்சாவடியா, வட்டாரமா, வாக்களிப்புப் பகுதியா?

அமெரிக்க உள்ளாட்சித் தேர்தல் செய்திகளைத் தமிழாக்குபவர்களைத் திணறவைக்கும் சொல் 'பிரீசிங்க்ட்'. வாக்காளர் மிகக் குறைந்த பிரீசிங்க்ட்களை ஒன்றிணைக்கக் கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற அலகு) நிர்வாகம் முடிவு செய்தது என்ற செய்தியை, 'வாக்குச்சாவடிகள் மூடல்' என்று தமிழில் எழுதிவிட முடியும். எழுதினால் செய்தியே மாறிவிடும்.

தேர்தல் நடத்துவதற்காக அமெரிக்காவில் பிரித்து வைத்திருக்கும் மிகச் சிறிய நிலப்பகுதிதான் பிரீசிங்க்ட். வரைபடத்தில் போட்ட ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்துப் பிரீசிங்க்ட்களைச் சேர்ந்தவர்கள் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வந்து வாக்களிப்பது அங்கே சாதாரணம். கவுண்டிக்குள் எந்த மையத்திலும் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடு உள்ள இடங்களில்கூட, உங்கள் முகவரி எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்று பார்த்துத்தான் வாக்குச்சீட்டைத் தருவார்கள். பெயரும் எங்கும் ஒன்றாக இல்லை. நியூயார்க்கில் இதைத் 'தேர்தல் மாவட்டம்' என்கிறார்கள், பிலடெல்பியாவில் 'டிவிஷன்', விஸ்கான்சினில் 'வார்டு'.

சொல்லின் வேர் லத்தீன். 'பிரேகிங்கெரே' என்றால் சுற்றிக் கட்டுதல், கச்சை வரிதல். அதிலிருந்து இடைக்கால லத்தீனில் 'பிரேகிங்க்டும்' பிறந்தது. சுற்றி வளைக்கப்பட்ட இடம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது தேவாலயம், மடம் போன்றவற்றின் மதிலுக்குள் அடங்கிய நிலத்தைக் குறித்தது. நிர்வாக எல்லை, காவல்துறை எல்லை என்ற பொருள்களும் சேர்ந்தன. நியூயார்க் காவல்துறைச் செய்திகளில் வரும் பிரீசிங்க்டும் இதே சொல்தான். அங்கே காவல் சரகம் என்று எழுதினால் பொருந்தும்.

இதே கற்பனை தமிழிலும் உண்டு. வளாவுதல் என்றால் சூழ்தல். வளாகம் என்றால் சூழப்பட்ட இடம். 'தெண்கடல் வளாகம்' என்று புறநானூறு உலகத்தையே சொல்கிறது, கடல் சூழ்ந்திருப்பதால். கோயிலைப் பற்றிப் பேசும்போது பிரீசிங்க்டுக்கு வளாகத்தைவிடச் சரியான சொல் கிடையாது. ஆனால் தேர்தலில் அதைப் பயன்படுத்தினால் வாசகர் கல்லூரியையோ கட்டடத் தொகுதியையோதான் நினைப்பார். சொற்பிறப்பு சரியாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை வழக்கில் திணிக்க முடியாது.

இந்தக் குட்டிப் பிரீசிங்க்ட்கள் எப்படி உண்டாகின்றன? ஒரே தெருவின் மேல் நாடாளுமன்றத் தொகுதி, மாநிலச் சட்டமன்றத் தொகுதி, நகரமன்றம், பள்ளி மாவட்டம், குடிநீர் மாவட்டம் (பள்ளிகளுக்கும் குடிநீருக்கும் தனித்தனியே உள்ள உள்ளாட்சி அமைப்புகளின் எல்லைகள்) என்று பல எல்லைகள் விழுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதிக் கோடுகள் நகர்கின்றன. இரண்டு கோடுகளுக்கு இடையே சில வீடுகள் மட்டும் சிக்கிக்கொள்கின்றன. அந்த வீட்டுக்காரர்களுக்கு வரும் போட்டிகளின் சேர்க்கை வேறு யாருக்கும் இராது. ஆகவே அவர்களுக்குத் தனி வாக்குச்சீட்டு, தனி இயந்திரச் சோதனை, தனிக் கணக்கு.

உள்ளாட்சித் தேர்தலில் இணைப்பு எளிதாவதற்குக் காரணமும் இதே கோடுகள்தான். பள்ளி வாரியத்துக்கு மட்டும் தேர்தல் என்றால், நாடாளுமன்றத் தொகுதிக் கோடு எங்கே ஓடினால் என்ன? ஒரே வாக்குச்சீட்டைப் பெறப்போகும் பகுதிகளை அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். வாக்களிக்க வருபவர்களும் குறைவு என்பதால் பணியாளர், இயந்திரம் இரண்டும் மிச்சம். பொதுத் தேர்தல் வந்தால் பழைய கோடுகள் திரும்பிவிடும். நிரந்தரமாக அழித்து இணைப்பது வேறு வகை. அதில் சிக்கல் அதிகம்: பல மாநிலங்களில் கட்சிகள் பிரீசிங்க்டுக்கு ஒருவர் என்று உள்ளூர்ப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றன, முந்தைய தேர்தல் முடிவுகளோடு ஒப்பிடுவதும் கடினமாகிவிடும்.

செலவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ரகசியம். நியூ ஹாம்ப்ஷயரின் டிக்ஸ்வில் நாட்ச் 1960 முதல் அதிபர் தேர்தலில் நள்ளிரவிலேயே வாக்களித்து முடிவை அறிவித்துவிடும் சிற்றூர். 2020இல் பதிவான ஐந்து வாக்குகளும் பைடனுக்கு. யார் யாருக்குப் போட்டார் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. 2024இல் ஆறு வாக்குகள், ஹாரிஸுக்கு மூன்று, டிரம்புக்கு மூன்று; ஊருக்குப் பழைய மர்மம் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. அங்கே அது ஒரு விழா, கேமராக்கள் வரும். பள்ளி வரி பற்றிய வாக்கெடுப்பில் நாலு வீட்டுப் பிரீசிங்க்டின் முடிவு தனியாக வெளியானால், அது அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலில் முடியும்.

இந்தியாவிலும் இதே கவலை உண்டு. இங்கே முடிவுகள் சாவடிவாரியாக வெளியாகின்றன. பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, நடைமுறைக்கு வரவில்லை. அருணாசலப் பிரதேசத்தின் மாலோகம் சாவடியில் 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் இருந்தது ஒரே ஒரு வாக்காளர். மற்றபடி இந்தியாவின் போக்கு நேர் எதிர்: சாவடிக்கு 1,500 வாக்காளர் என்றிருந்த உச்சவரம்பை 2025இல் 1,200 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அங்கே சேர்க்கிறார்கள், இங்கே பிரிக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? வாக்குச்சாவடி ஆகாது, சாவடி ஓர் இடம், ஒரு கூரை. வட்டாரமும் ஆகாது. இலங்கை உள்ளாட்சித் தேர்தலில் வட்டாரம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அலகு. தமிழ்நாட்டு வார்டும் அப்படியே. நமது வாக்காளர் பட்டியலில் உள்ள 'பாகம்' பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் அது நிலத்தைவிடப் பட்டியலையே குறிக்கிறது. என் தேர்வு 'வாக்களிப்புப் பகுதி'. முதல்முறை வரும்போது பக்கத்தில் பிரீசிங்க்ட் என்று போட்டுவிட்டால் போதும்.

அதன்படி இந்தச் செய்தியின் தலைப்பு 'சிறிய வாக்களிப்புப் பகுதிகள் இணைப்பு'. கட்டடங்களும் உண்மையிலேயே குறைகின்றனவா என்பதை மூலச் செய்தியில் தேடிப் பார்க்க வேண்டும். குறைந்தால் 'வாக்குச்சாவடிகள் குறைப்பு' என்று தனியே எழுதலாம். வாக்காளர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அமெரிக்காவில் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பல தென் மாநிலங்களின் மீதிருந்த முன்அனுமதிக் கட்டுப்பாட்டை (தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்பதை) செயலிழக்கச் செய்த பிறகு, சிறுபான்மையினர் பகுதிகளில் பெரும் சர்ச்சையானது சாவடிகளை மூடியதுதான்.