'ந' என்பது ஜீப் அல்ல: இரு மாறிச் சமன்பாடுகளில் பிழை நுழையும் இடங்கள்

விடியற்காலையில் கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வண்டிகள் மலையேறுவதைப் பார்க்காத பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் இல்லை. அதையே கணக்காக்குவோம். ஜீப்புக்கு 9 பேர், வேனுக்கு 14 பேர். மொத்தம் 11 வண்டிகள் நிறைந்து போயின. போனவர்கள் 119 பேர். ஜீப் எத்தனை, வேன் எத்தனை?

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திலும் சரி, அந்தப் பக்கம் இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளிகள் நடத்தும் கேரளப் பாடத்திலும் சரி, இந்த வகைக் கணக்கு ஒன்பதாம் வகுப்பில் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் போனால் மாறிகள் (தெரியாத எண்ணுக்காக வைக்கும் எழுத்துகள்) மூன்றாகிவிடும். இரண்டில் ஓட்டை இருந்தால் மூன்றில் அது பெரிதாகும். ஆகவே ஒன்பதாம் வகுப்பு நோட்டைப் பெற்றோரும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பார்க்க வேண்டியது விடையை அல்ல, கணக்கின் முதல் வரியை. பல நோட்டுகளில் அது 'ந = ஜீப், ம = வேன்' என்று இருக்கும். பார்க்கச் சாதுவான வரி. ஆனால் பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. ஜீப் ஒரு பொருள். பொருளை 9ஆல் பெருக்க முடியாது. 'ந = ஜீப்புகளின் எண்ணிக்கை' என்று எழுதிய பிள்ளைக்கு 9ந என்றால் எல்லா ஜீப்பிலும் சேர்த்து ஏறியவர்கள் என்பது தானாகப் புரியும். 'ந = ஜீப்' என்று எழுதிய பிள்ளை 9ந என்பதை 'ஒரு ஜீப்பில் ஒன்பது பேர்' என்று வாசிக்கும். அது சமன்பாடு அல்ல, சுருக்கெழுத்து.

இதைச் சோதிக்க ஒரு சின்னக் கேள்வி போதும். ஒரு தோட்டத்தில் ஒவ்வோர் ஆண் வேலையாளுக்கும் ஆறு பெண் வேலையாட்கள் இருக்கிறார்கள். பெண்களின் எண்ணிக்கை ந, ஆண்களின் எண்ணிக்கை ம. சமன்பாடு என்ன? பெரும்பாலும் 6ந = ம என்று வரும். 'ஆறு பெண், ஓர் ஆண்' என்று சொல் வந்த வரிசையிலேயே கை எழுதிவிடுகிறது. ஆண்கள் 10 பேர் என்று வைத்துப் பாருங்கள், பெண்கள் 60. அப்போது 6ந = ம என்பது 360 = 10 என்று நிற்கும். சரியானது ந = 6ம். பிள்ளை மந்தம் என்று இதற்காக யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. இதே அமைப்பில், ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்ற கேள்வியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாகவே எழுதினார்கள்.

மாறிக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ஜீப்புக்கு 'ஜீ', வேனுக்கு 'வே' என்று வைத்தால் எழுத்து மறுபடியும் பொருளாகிவிடும். நம் பழைய கணிதர்கள் இதைத் தவிர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பாஸ்கரர், ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வரும்போது காலகம், நீலகம், பீதகம் என்று நிறப் பெயர்களை வைத்து, அவற்றின் முதலெழுத்தைக் குறியாகக் கொண்டார். கறுப்புக்கும் நீலத்துக்கும் கணக்கிலுள்ள பொருளோடு எந்த ஒட்டும் இல்லை. இங்கே ந, ம என்பவையும் நீலம், மஞ்சள்தான். எக்ஸ், ஒய் என்று எழுதினாலும் பயன் அதுவே.

அடுத்தது அலகு. ஒரு சமன்பாட்டில் ஒரே அலகுதான் இருக்க வேண்டும். ந + ம = 11 என்பது வண்டிக் கணக்கு. 9ந + 14ம = 119 என்பது ஆள் கணக்கு. சமன்பாட்டுக்குப் பக்கத்தில் 'வண்டி', 'ஆள்' என்று எழுதிவைக்கும் பழக்கம் பெரிய உதவி. கலப்புக் கணக்கில் இதன் அருமை தெரியும். கிலோ 2,400 ரூபாய் ஏலக்காயையும் 1,800 ரூபாய் ஏலக்காயையும் கலந்து, கிலோ 2,040 ரூபாய் வீதம் 50 கிலோ சரக்கு வேண்டும். (விலைகள் கணக்குக்காக வைத்தவை. போடியிலும் புற்றடியிலும் ஏலத்தில் விழும் விலை நாளுக்கு நாள் மாறும்.) எடைக் கணக்கு ந + ம = 50. பணக் கணக்கை 2400ந + 1800ம = 2040 என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. இடப்பக்கம் மொத்தப் பணம், வலப்பக்கம் ஒரு கிலோவின் விலை. இரண்டும் ஒன்றாக முடியாது. வலப்பக்கம் 2040 × 50 = 1,02,000 வர வேண்டும். பிறகு முழுச் சமன்பாட்டையும் 600ஆல் வகுத்தால் 4ந + 3ம = 170. எடைக் கணக்கை மூன்றால் பெருக்கிக் கழித்தால் ந = 20, ம = 30. வகுக்காமல் பெரிய எண்களோடு மல்லுக்கட்டுவது நேரத்தையும் தின்னும், பிழையையும் கூட்டும்.

இனி தீர்க்கும் முறைகள். ஏதாவதொரு மாறியின் கெழு, அதாவது அதன் முன்னால் நிற்கும் எண், 1 என்றால் பிரதியிடல் முறைதான் சுருக்கம். வண்டிக் கணக்கில் ந = 11 − ம. அதை ஆள் கணக்கில் வைத்தால் 9(11 − ம) + 14ம = 119. அடைப்பை விரிக்கும்போது 99 − 9ம என்று வர வேண்டியது, அவசரத்தில் 99 − ம என்று வந்துவிடும். அப்போது 13ம = 20. ஒன்றரை வேன் மலையேறாது, திரும்பிப் பார் என்று கணக்கே சொல்கிறது. சரியாக விரித்தால் 5ம = 20, ம = 4, ந = 7. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் இதை மனக்கணக்காகவே போடுவார்கள்: எல்லாமே ஜீப் என்றால் 99 பேர், மிச்சம் 20 பேர், ஒரு ஜீப்புக்குப் பதில் ஒரு வேன் வந்தால் 5 பேர் கூடும், ஆக நாலு வேன். பிரதியிடல் முறையில் நடப்பதும் இதுவே. வீட்டில் பிள்ளைக்கு இந்த வழியையும் சொல்லிக்கொடுங்கள். சமன்பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் பொருள் உண்டு என்பது அப்போது பிடிபடும்.

கெழு எதுவும் 1 இல்லையென்றால் நீக்கல் முறை. 3 கிலோ மிளகும் 2 கிலோ காப்பித்தூளும் 2,900 ரூபாய். 2 கிலோ மிளகும் 5 கிலோ காப்பித்தூளும் 3,400 ரூபாய். இங்கே ந, ம இரண்டும் கிலோ விலைகள்.

3ந + 2ம = 2900
2ந + 5ம = 3400

முதலாவதை 2ஆலும் இரண்டாவதை 3ஆலும் பெருக்கினால் 6ந + 4ம = 5800, 6ந + 15ம = 10200. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 11ம = 4400, ம = 400, ந = 700.

இதில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, முதல் சமன்பாட்டின் இடப்பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு வலப்பக்கம் 2900ஐ அப்படியே விடுவது. அப்போது 11ம = 7300 என்று வந்து, விலை 663.63... என்று இழுக்கும். மற்றொன்று, கழிக்கும்போது முதல் உறுப்பை மட்டும் கழித்துவிட்டு அடுத்ததைக் கூட்டுவது. 19ம = 4400 என்று எழுதியிருந்தால் நடந்தது இதுதான். கழித்தல் என்றால் கோட்டுக்குக் கீழே உள்ள எல்லா உறுப்புகளின் குறியும் மாறும். குறியை மாற்றி எழுதி, பிறகு கூட்டுவது பாதுகாப்பு.

கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கிச் சூத்திரத்தால் நேரே விடை காணும் குறுக்குப் பெருக்கல் முறையை முதல் முறையாகக் கற்றுக்கொடுப்பது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. சூத்திரம் மனப்பாடமாகும், காரணம் மனதில் தங்காது. அந்த முறையில் மாறிலி (மாறி ஒட்டாத தனி எண்) இடப்பக்கம் வந்து வலப்பக்கம் சுழியமாக வேண்டும்: 3ந + 2ம − 2900 = 0. இதை மறந்து 2900, 3400 என்று கூட்டல் குறியோடே சூத்திரத்தில் வைத்தால் விடைகள் −700, −400 என்று வரும். எண் சரி, இரண்டின் குறியும் தவறு என்று கண்டால் மாறிலியை இடம் மாற்றவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பிள்ளைகள் மிரண்டு பேனாவை வைத்துவிடும் இடம் வேறு. ஒரு நாள் 2 கிலோ மிளகும் 1 கிலோ காப்பித்தூளும் 1,800 ரூபாய். மறுநாள் 4 கிலோவும் 2 கிலோவும் 3,500 ரூபாய். முதலாவதை இரட்டித்துக் கழித்தால் இரண்டு மாறிகளும் மறைந்து, 0 = 100 என்று நிற்கும். எங்கோ தப்பு என்று பிள்ளை முழுவதையும் அடித்துவிடும். தப்பு ஏதும் இல்லை. இரண்டு நாளும் ஒரே விலை என்று வைத்தது பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். மறுநாள் விலை மாறியிருக்கலாம், கடைக்காரர் நூறு ரூபாய் தள்ளிக் கொடுத்திருக்கலாம். தீர்வு இல்லை என்பதும் ஒரு விடைதான், அதை எழுத வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு நேர்கோடு, இரண்டும் வெட்டும் புள்ளிதான் விடை. இவையோ வெட்டாத இணைகோடுகள். மறுநாள் தொகை 3,600 என்றிருந்தால் 0 = 0 என்று வரும். அதைப் பார்த்து 'விடை சுழியம்' என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது பில் புதிதாக எதையும் சொல்லவில்லை, ஒரே கோடுதான் இருமுறை வரையப்பட்டிருக்கிறது, தீர்வுகள் எண்ணற்றவை. கெழுக்களின் விகிதத்தை ஒப்பிட்டே இதைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் இரண்டு சமன்பாடுகளையும் ஒரே வரிசையில் அடுக்கிய பிறகு.

வரைபட முறை காட்சிக்கு நல்லது, துல்லியத்துக்கு எப்போதும் அல்ல. ஒரு கோட்டுக்கு மூன்று புள்ளிகள் குறிக்க வேண்டும். இரண்டு புள்ளிகள் எங்கே இருந்தாலும் ஒரு கோடு விழுந்துவிடும், மூன்றாவதுதான் பிழையைக் காட்டிக்கொடுக்கும். வண்டிக் கணக்கின் இரண்டு கோடுகளும் சுமார் 12 பாகைக் கோணத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன. அதனால் ஒரு கோடு அரை மி.மீ. தள்ளிப் போனால் வெட்டும் புள்ளி இரண்டு மி.மீ.க்கும் அதிகமாக நகரும். ஒரு செ.மீ.க்கு ஒரு வண்டி என்று அளவு வைத்தால் 4 வேன் என்பது 4.2 போலத் தெரியும். பென்சிலைக் கூராகச் சீவிக் கொடுக்காமல் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

சரிபார்ப்பதில் ஒரு திருத்தம். கிடைத்த விடையைத் தான் எழுதிய சமன்பாட்டில் வைத்துப் பார்ப்பது தீர்த்தது சரியா என்று மட்டுமே சொல்லும். சமன்பாடே தவறாக இருந்தால் அது வாய் திறக்காது. கேள்வியின் சொற்களுக்குத் திரும்ப வேண்டும்: 7 ஜீப்பில் 63 பேர், 4 வேனில் 56 பேர், கூட்டினால் 119 பேர், வண்டிகள் 11.

இதே கணக்கில் வண்டிகள் 11 என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் விடை கிடைத்திருக்கும். 9ந + 14ம = 119 என்பதில் 14, 119 இரண்டும் 7ஆல் வகுபடும். ஆகவே 9ந 7ஆல் வகுபட வேண்டும், அதாவது ந 7இன் மடங்கு. ந = 0 என்றால் ம எட்டரை, ஆகாது. ந = 14 என்றால் 126 பேர், மிஞ்சிவிட்டது. ந = 7 மட்டுமே பொருந்தும். முழு எண் விடைகளைத் தேடும் இந்த வகைக் கணக்குக்கு ஆரியபட்டர் கி.பி. 499இலேயே வழி சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைக் குட்டகம் என்றார்கள், எண்களை இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். ஆனால் மிளகு விலைக் கணக்கில் இது செல்லாது. விலை 712 ரூபாய் 50 காசாகவும் இருக்கலாம். அங்கே இரண்டாவது பில் கட்டாயம் வேண்டும்.