வானத்துச் சிக்னலை எப்படித் தள்ளுபடி செய்கிறார்கள்?

2019 ஏப்ரல் 29 முதல் மே 4 வரை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான ப்ராக்ஸிமா சென்டாரியை 26 மணி நேரம் பார்த்துப் பதிவுசெய்தது. அந்தப் பதிவை மென்பொருளில் ஓட்டியதும் 40 லட்சத்துக்கும் அதிகமான சிக்னல்கள் சிக்கின. முதல் சல்லடையில் 5,000 சொச்சம் தங்கின. அவற்றையும் அலசி முடித்தபோது எஞ்சியது ஒன்றே ஒன்று: 982.002 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு. அதற்கு பி.எல்.சி.1 (பிரேக்த்ரூ லிசன் கேண்டிடேட் 1) என்று பெயர் வைத்தார்கள்.

வேற்றுலக அறிவைத் தேடும் வானியற்பியலாளரின் தொழில் என்னவென்று கேட்டால் இந்த எண்களைத்தான் காட்டவேண்டும். சிக்னல் கிடைப்பதில் சிரமமே இல்லை. கிடைத்ததெல்லாம் நம்முடையதே என்று ஒவ்வொன்றாக நிரூபிப்பதில்தான் ஆயுள் கழிகிறது.

தேடுவது மிகக் குறுகிய அதிர்வெண் அகலத்துக்குள் அடங்கும் சிக்னலை. காரணம் எளிது. ஹைட்ரஜன் மேகம் 1420 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது என்றாலும், அதிலுள்ள அணுக்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஓடுவதால் டாப்ளர் விளைவு (நகரும் பொருளின் அதிர்வெண் மாறித் தெரிவது) அந்தக் கோட்டை அகலமாக்கிவிடுகிறது. இயற்கையில் மிகக் குறுகலான மேசர் (லேசர்போல வலுப்பெற்று வரும் ரேடியோ அலை) கோடுகள்கூடச் சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். ஒரு ஹெர்ட்ஸுக்குள் முழு ஆற்றலையும் அடைப்பது, நமக்குத் தெரிந்தவரை, கருவி செய்கிற வேலை.

ஆகவே வருகிற அலையை மிக மெல்லிய சேனல்களாகக் கூறுபோட வேண்டும். வேற்றுலக அறிவைத் தேட 2015இல் தொடங்கிய பிரேக்த்ரூ லிசன் திட்டம் அமெரிக்காவின் கிரீன்பேங்க் தொலைநோக்கியில் 1.1 முதல் 1.9 கிகாஹெர்ட்ஸ் வரை ஆராய்ந்தபோது ஒரு சேனலின் அகலம் சுமார் 2.8 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் 28 கோடிக்கும் மேல் சேனல்கள். ஒவ்வொன்றிலும் 18 விநாடிக்கு ஒருமுறை ஆற்றலைக் கூட்டி ஒரு வரிசை எழுதுவார்கள். ஐந்து நிமிடத்தில் 16 வரிசை. குறுக்கே அதிர்வெண், கீழ்நோக்கி நேரம் என்று வரைந்தால் வரும் படத்துக்கு 'அருவிப் படம்' என்று பெயர். இத்தனை கோடிச் சேனல் இருக்கும்போது வெறும் இரைச்சலே தற்செயலாகச் சிக்னல்போல உயர்ந்துவிடும். அதனால்தான் இரைச்சலைவிடப் பத்து மடங்கு வலுவாக இருந்தால் மட்டுமே கணக்கில் சேர்ப்பது என்று பின்னாளில் வரம்பு வைத்தார்கள்.

அருவிப் படத்தில் செங்குத்தாக நிற்கும் கோடு சந்தேகத்துக்குரியது. பூமி சுழல்கிறது, தொலைநோக்கியும் அதோடு சேர்ந்து வளைந்து நகர்கிறது. நிலநடுக்கோட்டில் இருந்து பார்த்தால், 1420 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் தூரத்துச் சிக்னல் இந்தச் சுழற்சியால் மட்டுமே விநாடிக்கு 0.16 ஹெர்ட்ஸ் வரை நழுவும். ஐந்து நிமிடத்தில் 48 ஹெர்ட்ஸ், அதாவது பதினேழு சேனல் தாண்டிவிடும். கோடு சாய்ந்திருக்க வேண்டும். நம்மோடு சேர்ந்து சுழலும் செல்போன் கோபுரத்தின் கோடு சாயாது.

அனுப்புகிறவரின் கிரகமும் சுழலும். அது எவ்வளவு என்று தெரியாது. ஆகவே மென்பொருள் விநாடிக்கு 4 ஹெர்ட்ஸ் மேலும் கீழுமாக, நூற்றுக்கணக்கான சாய்வுகளை வரிசையாக வைத்துக் கூட்டிப் பார்க்கும். சிக்கல் ஒன்று உண்டு. விநாடிக்கு 0.15 ஹெர்ட்ஸைவிட வேகமாக நழுவும் சிக்னல், ஒரு வரிசை எழுதி முடிப்பதற்குள்ளேயே பக்கத்துச் சேனலுக்குச் சிந்திவிடுகிறது. வேகம் கூடக்கூட உணர்திறன் குறையும்.

அடுத்த சோதனை, முகத்தைத் திருப்பிப் பார்ப்பது. விண்மீனை ஐந்து நிமிடம், அருகில் வேறொரு விண்மீனை ஐந்து நிமிடம், மறுபடி முதல் விண்மீன் என்று அரை மணி நேரத்தில் ஆறு பதிவு. விண்மீனைப் பார்க்கும் மூன்றிலும் இருந்து, மற்ற மூன்றிலும் இல்லாவிட்டால்தான் தேறும். 1.4 கிகாஹெர்ட்ஸில் கிரீன்பேங்கின் பார்வை, முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் எந்தத் தொலைநோக்கிக் கிண்ணமும் ஒரே திசையை மட்டும் கேட்பதில்லை. பக்கவாட்டிலும் பலவீனமான காதுகள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆபத்தை நேரில் பார்த்தவர் அமெரிக்க வானியலாளர் ஜில் டார்ட்டர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் படித்தவர். பெர்க்லியில் பி.டி.பி-8/எஸ் என்ற பழைய கணினிக்கு நிரல் எழுதத் தெரிந்திருந்ததால்தான் இந்தத் தேடலுக்குள் அழைக்கப்பட்டார். அவருடைய முனைவர் ஆய்வு விண்மீனாகத் தேறாத சிறு பொருட்களைப் பற்றியது. 'பழுப்புக் குள்ளன்' என்ற பெயரே அவர் சூட்டியது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் கவனிக்கவேண்டிய வாழ்க்கை இது. நிரலும் மின்னணுவியலும் கைவசம் வேண்டும், தனித்து நிற்கும் இன்னொரு வானியல் ஆய்வும் வேண்டும். பணம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. நாசா 1992 அக்டோபர் 12இல் தொடங்கிய பெருந்தேடலை அமெரிக்க காங்கிரஸ் ஒரே ஆண்டில் நிறுத்தியது. நன்கொடையைத் திரட்டி, பீனிக்ஸ் என்ற பெயரில் 1995 முதல் 2004 வரை சுமார் 800 விண்மீன்களை ஆராய்ந்தார்கள். அந்த விடாமுயற்சி இல்லாவிட்டால் துறையே அறுந்துபோயிருக்கும்.

பீனிக்ஸின் பலம் இரண்டாவது தொலைநோக்கி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிண்ணம் அதே சிக்னலைக் கேட்கும். இரண்டு இடங்களும் பூமிச் சுழற்சியில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் நழுவலும் கணித்தபடி வேறுபட வேண்டும். 1997 ஜூனில் கிரீன்பேங்கில் டார்ட்டரின் குழுவுக்குக் கிடைத்த ஒரு சிக்னல் முகம் திருப்பும் சோதனையில் தேறியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்த துணைத் தொலைநோக்கியோ அன்று பழுது. பல மணி நேரம் போராடிய பிறகு தெரிந்தது, அது 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலம். பக்கவாட்டுக் காது வழியாக நுழைந்திருக்கிறது. பூமியில் இல்லாததால் கோடு சாய்ந்தது; கிண்ணத்தைத் திருப்பியதும் பக்கவாட்டுக் காதும் இடம் மாறிச் சிக்னல் மறைந்தது.

பி.எல்.சி.1 ஏமாற்றிய விதம் வேறு. அது விநாடிக்கு 0.038 ஹெர்ட்ஸ் நழுவியது. ப்ராக்ஸிமாவைப் பார்த்தபோது மட்டும் தெரிந்தது. ஆய்வாளர்கள் அதே பதிவுகளில் மற்ற அதிர்வெண்களைத் தோண்டினார்கள். அதே வடிவத்தில் வளையும் கோடுகள் பல்வேறு இடங்களில் கிடைத்தன. அவற்றுக்கிடையே இருந்த இடைவெளி, சாதாரண மின்னணுக் கருவிகளின் கடிகாரத் துடிப்புகளோடு பொருந்தியது. இரண்டு குறுக்கீடுகள் ஒரு கருவிக்குள் கலந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது அதிர்வெண்களாகப் பிறக்கும். கருவி சூடாகி அதன் கடிகாரம் லேசாக நகர்ந்தாலும் கோடு சாய்ந்துவிடும். அந்தக் குறுக்கீடு ஏறி இறங்கிய நேரம், கிண்ணம் திரும்பிய நேரத்தோடு தற்செயலாக ஒத்துப்போனது. பி.எல்.சி.1 நம் கருவிகளின் குறுக்கீடே என்ற முடிவை 2021 அக்டோபரில் வெளியிட்டார்கள்.

இத்தனை சல்லடையும் உண்மையான சிக்னலையே தூக்கி எறிந்துவிடாதா? நியாயமான கேள்வி. அதைச் சோதிக்க வாயேஜர் 1 இருக்கிறது. 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், சுமார் 20 வாட் திறனோடு 8.4 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நம் விண்கலம். தொலைநோக்கியை அதன்மேல் திருப்பி, வழக்கமான மென்பொருளை ஒரு வரியும் மாற்றாமல் ஓட்டுவார்கள். அருவிப் படத்தின் நடுவில் ஒரு சாய்கோடு, அதன் இருபுறமும் 22.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மங்கலான துணைக்கோடுகள். மூன்றும் சரியான இடத்தில் தெரிந்தால் கருவியும் நிரலும் ஒழுங்கு என்று குறித்துக்கொண்டு அடுத்த விண்மீனுக்குப் போவார்கள்.