மெமரி கார்டில் இருக்கும் பாட்டுக்கு இன்னொரு நகல் எங்கே?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஆடியோ சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டேப் ரெக்கார்டர் காலத்தில் கற்ற தொழில். இப்போது மேசைக்கு வருவதில் பெரும்பகுதி கையடக்க பிளேயர்கள், யூஎஸ்பி ஸ்பீக்கர்கள், மெமரி கார்டுகள். இங்கே வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் காலையில் போட்ட பாட்டு ராத்திரி வரைக்கும் ஓடும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா நெருங்கினால் மைக் செட்காரர்கள் அம்மன் பாட்டுப் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏற்காடு எஸ்டேட்களிலிருந்து பழைய கேசட் பெட்டிகளோடு வருகிறவர்களும் உண்டு. எந்த பிளேயர் வாங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேர்த்து வைத்த பாட்டுகளை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. பிளேயர் கெட்டால் பேட்டரியோ ஸ்பீக்கரோ மாற்றிக் கொடுத்துவிடுவேன். பாட்டு அழிந்து போனால் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அதனால் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"அண்ணா, பாதிப் பாட்டு ஓடுதுங்க, பாதி பேர் மட்டும் காட்டிட்டுத் தாண்டிப் போயிருதுங்க." இந்தப் புகார் வந்தால் நான் பிளேயரைத் திறப்பதில்லை, முதலில் கார்டைத்தான் சோதிப்பேன். பெரும்பாலும் அது போலிக் கார்டாக இருக்கும். உள்ளே 8 ஜிபி சிப்தான் இருக்கும். வெளியே 128 ஜிபி என்று அச்சடித்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் போட்டாலும் 128 என்றே காட்டும், ஏனென்றால் அப்படிப் பொய் சொல்லும்படி கார்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பை மாற்றி வைத்திருக்கிறார்கள். முதல் 8 ஜிபி ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் ஏற்றுகிற பாட்டுகள் எங்கும் பதியாமல் போகும், அல்லது முன்பு ஏற்றியவற்றின் மேலேயே எழுதப்படும். பெயர், அளவு எல்லாம் பட்டியலில் தெரியும், உள்ளே பாட்டு மட்டும் இருக்காது. இப்படிப் போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அது பதிவாகவே இல்லையே!

சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்று யாராவது விற்றால் விலையே உண்மையைச் சொல்லிவிடும். 64, 128 ஜிபி கார்டுகளில்தான் ஏமாறுகிறோம், ஏனென்றால் அங்கே விலை வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பில்லோடு வாங்குங்கள். வாங்கிய அன்றைக்கே, பாட்டு ஏற்றும் முன்பே சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று சொல்லும். கார்டின் வேகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகட்டும். திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் தெரிந்துகொள்ள இதுதான் வழி.

நல்ல கார்டும் நிரந்தரம் கிடையாது. அதில் பாட்டு மின்னூட்டமாகத்தான் தங்கியிருக்கிறது. வருடக்கணக்கில் டிராயரில் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்புப் பட்டியலே குழம்பிப் போகும். ஆகவே கார்டை வைப்பகமாக நினைக்காதீர்கள், வெளியே எடுத்துப்போகும் நகல் என்று மட்டும் நினையுங்கள். மூலத் தொகுப்பு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். அதன் நகல் இன்னொரு டிஸ்க்கில், முடிந்தால் இன்னொரு வீட்டில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பீரோவில் வைத்தால் திருட்டுக்கும் மழைத் தண்ணீருக்கும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு மைக் செட்காரர் தன் அண்ணன் வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்துவிட்டு, பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது புதுப்பித்துக்கொள்கிறார். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஒருவேளை கார்டு 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' கொடுங்கள். புதிதாக ஒரு பாட்டுகூட ஏற்றாமல் கழற்றி எடுத்துவிடுங்கள். மேலே எதுவும் எழுதாதவரை மீட்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மீட்கப்பட்ட கோப்புகள் பல சமயம் பெயரில்லாமல், வெறும் எண்களோடுதான் வரும். ஆயிரக்கணக்கான பாட்டுகள், எது எந்தப் பாட்டு என்று தெரியாது. அந்த நேரத்தில் கைகொடுப்பது கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் டேக்: பாட்டின் பெயர், படம், பாடியவர், இசையமைப்பாளர், வருடம். டேக் சரியாக இருந்தால் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் அத்தனை கோப்புகளுக்கும் ஒரே மூச்சில் பெயர் வைத்துவிடும். பழைய ஐபாடிலிருந்து பாட்டு எடுப்பதும் இப்படித்தான். அது பாட்டுகளை மறைவான ஃபோல்டர்களில் நான்கெழுத்துப் புதிர்ப் பெயர்களில் வைத்திருக்கும்.

ஆனால் என்னிடம் வரும் தொகுப்புகளில் டேக் இருக்கும் நிலைமை வருத்தமாக இருக்கிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ திருட்டு வலைத்தளத்தின் பெயர் இருக்கும். ஒரே பாடகர் 'டிஎம்எஸ்', 'டி.எம்.சௌந்தரராஜன்', 'டி எம் சவுந்தர்ராஜன்' என்று மூன்று பேராகப் பிரிந்து கிடப்பார். ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். நம் படப்பாட்டுக்கு இசையமைப்பாளரின் பெயர் முக்கியம். அதற்கென்று டேக்கில் தனி இடமே இருக்கிறது, அதை நிரப்புங்கள். மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் பாட்டின் ஒலியை வைத்தே அடையாளம் தேடித் தரும், ஆனால் பழைய தமிழ்ப் பாட்டுகளுக்குப் பெரும்பாலும் கையால்தான் எழுத வேண்டியிருக்கிறது. தினமும் பத்துப் பாட்டு என்று உட்கார்ந்தால் முடிந்துவிடும். தமிழில் எழுதினால் சில மலிவு பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதில் தமிழ் எழுத்துரு இல்லாததுதான் காரணம். கடையிலேயே தமிழ்ப் பெயருள்ள ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாட்டு வரிசை மாறி ஓடுகிறது என்பது இன்னொரு கேள்வி. பல யூஎஸ்பி ஸ்பீக்கர்கள் அகர வரிசையைப் பார்ப்பதே இல்லை, கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். விநாயகர் பாட்டு முதலில் வரவேண்டும் என்றால் 01, 02 என்று பெயரிட்டு, காலி கார்டில் அந்த வரிசையிலேயே ஏற்ற வேண்டும்.

அடுத்து தரம். சிடியில் இடது, வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்; ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. அதை 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு 1 எம்பிக்கும் சற்றுக் குறைவு. 320 என்றால் 2.4 எம்பி. எதையும் இழக்காத ஃபிளாக் வடிவம் சிடி அளவில் பாதியோ சற்றுக் கூடுதலோ ஆகும். ஐந்து நிமிடப் பாட்டை 320இல் வைத்தால் 12 எம்பி, 32 ஜிபி கார்டில் 2,500 பாட்டுகளுக்கு மேல் கொள்ளும். பட்டறைக்கும் பஸ்ஸுக்கும் இது தாராளம். வீட்டு டிஸ்க்கில் வைக்கும் மூலத்தை ஃபிளாக்கில் வையுங்கள், ஏனென்றால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்துகொள்ளலாம். எம்பி3இலிருந்து திரும்பிப் போக வழி இல்லை. 128 பாட்டை 320 ஆக மாற்றி 'ஹெச்டி' என்று விற்கிறார்கள். பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான் அது, கோப்பு பெரிதாகும், போன ஓசை வராது. ஸ்பெக் என்ற மென்பொருளில் போட்டால் பாட்டில் இருக்கும் அதிர்வெண்கள் படமாகவே தெரியும். 128இல் இருந்து வந்த பாட்டில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது.

அப்புறம், காசு வாங்கிக்கொண்டு கார்டில் சினிமாப் பாட்டு ஏற்றித் தரும் வேலையை நான் செய்வதில்லை. அது பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதம். உங்களிடம் இருக்கும் ஒரிஜினல் சிடியை நீங்களே கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள், கிடைக்கும் தரத்துக்கு எந்த இலவச டவுன்லோடும் ஈடாகாது. மாதச் சந்தா ஆப்களும் வசதிதான். ஆனால் அதில் டவுன்லோடு செய்தது அந்த ஆப்புக்குள் மட்டுமே பாடும். விங்க் மியூசிக் என்ற பாட்டு ஆப் 2024இல் மூடப்பட்டதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயுசுக்கும் வேண்டிய பாட்டு உங்கள் டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

இப்போது பிளேயருக்கு வரலாம். வாங்கும் முன் நான் பார்க்கச் சொல்வது சில விஷயங்கள். கம்ப்யூட்டரில் சொருகினால் சாதாரண டிரைவ் போலத் தெரிந்து, பாட்டை இழுத்துப் போட முடிய வேண்டும். தனி மென்பொருள் இல்லாமல் பாட்டு ஏற்ற முடியாத பிளேயர்கள், அந்த நிறுவனம் கைவிட்ட பிறகு சிரமம் தரும். ஐபாட் விற்பனையே 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. எத்தனை ஜிபி கார்டு வரை எடுக்கும் என்று கேளுங்கள். பழைய மாடல்கள் 32 ஜிபியோடு நின்றுவிடும். கண்ணால் பார்க்காமல், கைப் பழக்கத்தில் இயக்க முடிகிற பட்டன்கள் வேண்டும், வயதானவர்களுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். 3.5 எம்எம் ஜாக் இருக்கட்டும். சாதாரண இயர்போன்களின் மின்தடை 16 முதல் 32 ஓம். அதற்கு எந்த பிளேயரும் போதும். 250, 300 ஓம் ஹெட்ஃபோன் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் சக்திவாய்ந்த விலையுயர்ந்த பிளேயர் தேவை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வழியில் சிக்னல் வந்து வந்து போகும், அங்கே கார்டில் இருக்கும் பாட்டுதான் நிற்காமல் பாடும். சேலம் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் மட்டும் பிளேயரை விடாதீர்கள். உப்பிப்போன பேட்டரியோடு வருபவற்றில் பல அப்படி வெந்தவை. உப்பியதைச் சார்ஜ் போடவோ அமுக்கவோ கூடாது.

விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து கேளுங்கள். தறிக்கூடத்துச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். அதையும் மீறிப் பாட்டுக் கேட்கவேண்டும் என்று இயர்போனை முழு வால்யூமில் வைக்கிறீர்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க 80 டெசிபல்தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். 'இடது பக்கம் சத்தம் வரலை' என்று கொண்டுவந்த இயர்போனைச் சோதித்தால் அது நன்றாக இருக்கும். அப்படிப்பட்டவர்களைக் காது மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். தறி ஓடும்போது காதடைப்பான் போடுங்கள், பாட்டைச் சாப்பாட்டு நேரத்துக்கு வையுங்கள்.

புதுப்பாட்டு அலறுவதும் பழைய பாட்டு முனகுவதும் தொகுப்பில் சகஜம். அதற்கு எம்பி3கெயின் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். பாட்டை மறுபடி சுருக்காமல், 1.5 டெசிபல் படிகளில் அளவை மட்டும் சரிசெய்யும். வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக மலைமேல் இருப்பவர்களுக்கு. ஏற்காட்டு ஈரத்தில் கேசட் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை தெரிந்தால் ஓட்டாமல் தனியாகப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நல்லதாகத் தெரிவதையும் முதலில் ஒரு தடவை முழுக்கச் சுற்றித் தளர்த்தி, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிவு செய்யுங்கள். அளவுக்காட்டி சிவப்பைத் தொடக்கூடாது. கடையில் வாங்கிய சினிமாக் கேசட் வேறு வடிவில் எங்காவது கிடைக்கும், அவசரமில்லை. வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு, ஊர்த் திருவிழாவில் பதிந்த கூத்துப்பாட்டு, இவற்றுக்கு உலகத்தில் அந்த ஒரே நாடாதான் இருக்கிறது. அதை முதலில் மாற்றுங்கள். ஃபிளாக்கில் வையுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று விவரம் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு அன்றைக்கே டேக்கில் எழுதி, இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டுப் பிறகு கேசட்டை ஓரமாக வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.