மலை குலுங்கும்போது நீர்மின் நிலையத்தில் எது முதலில் உடைகிறது?

மலைப்பகுதியில் பெரிய நிலநடுக்கம் என்றவுடன் அணை உடைந்துவிடுமோ என்ற அச்சமே பலருக்கும் முதலில் எழுகிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் இதுவரை நடந்தவற்றைப் பார்த்தால், முறையாகக் கட்டப்பட்ட பெரிய அணைகள் விரிசல் கண்ட பின்னும் பெரும்பாலும் தண்ணீரைத் தாங்கியே நின்றிருக்கின்றன. அடி அதிகம் விழுந்தது சரிவுகளில் வெளியே தெரியும் குழாய்கள், மதகுகளை இயக்கும் கருவிகள், மின்கோபுரங்கள், சாலைகள் ஆகியவற்றின் மீதுதான்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரமுள்ளது. 1967 டிசம்பர் 11 அன்று அதன் அருகிலேயே நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அணையின் பின்புறச் சாய்வு திடீரென மாறும் மட்டத்தில் கிடைமட்டமாக விரிசல்கள் தோன்றின. அடித்தளம் ஆடும்போது மேற்பகுதி அதைவிட அதிகமாக ஆடுவதாலும், தேக்கிய நீரில் ஒரு பகுதி அணையின் எடையோடு சேர்ந்துகொண்டது போல அதை மேலும் தள்ளுவதாலும், வடிவம் மாறும் அந்த இடத்தில் இழுவிசை குவிகிறது. கான்கிரீட்டோ அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. பாறைகளைக் குவித்துக் கட்டும் அணைகள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. 2008இல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தில் 156 மீட்டர் உயரமுள்ள சிப்பிங்பு அணையின் உச்சி அரை மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது, முகப்பின் கான்கிரீட் பலகைகள் பிளந்தன, அணை உடையவில்லை. இருபுறப் பாறையும் ஒன்றையொன்று விலகி நகரும் நிலப்பிளவே அணைக்கு அடியில் ஓடினால் மட்டும் எந்த வடிவமைப்பும் எளிதில் உதவாது. 1999இல் தைவானின் ஷிகாங் அணை அப்படித்தான், அடியில் இருந்த தரை 7 மீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வாக நகர்ந்ததால் முறிந்தது.

மலையில் ஆபத்து பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. முகடுகளில் அதிர்வு பெருகுகிறது. தளர்ந்த பாறைகள் உருண்டு கீழே உள்ளவற்றின் மீது விழுகின்றன. 2015இல் நேபாளத்தைத் தாக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தில், 45 மெகாவாட் திறனுள்ள மேல் போட்டேகோசி நிலையத்துக்கு நீர் கொண்டுவரும் எஃகுக் குழாயைப் பாறைகள் உடைத்தன. வெளியேறிய நீர் மின்நிலையத்தையே மூழ்கடித்தது.

இத்தகைய குழாய் உடைவதை எதிர்கொள்ளும் ஏற்பாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குலுக்கலில் மின்தொடரமைப்பு துண்டிக்கப்பட்டவுடன், நீரின் விசையால் சுழன்று மின்சாரம் தரும் டர்பைன் சுமையிழந்து வேகமெடுக்கிறது. அதைத் தடுக்க நீர்வழி விரைந்து மூடப்பட, ஓடிவந்த நீரின் உந்தம் குழாய்க்குள் அழுத்த அலையாகப் பாய்கிறது. அந்த அலையைத் தணிக்கவே சுரங்கமும் குழாயும் சேரும் இடத்தில் உயரமான அலைதாங்கித் தொட்டி கட்டப்படுகிறது. அதையும் மீறிக் குழாய் கிழிந்தால், நீரோட்டம் அளவுக்கு மீறிப் பாய்வதை உணர்ந்து, மேல்முனையில் உள்ள வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரமும் இருக்காது, ஆளும் அங்கே போய்ச் சேர முடியாது என்பதால், கனமான எடை தன் பாரத்தாலேயே கீழிறங்கி வால்வை மூடும்படி அமைக்கிறார்கள். மதகுகளுக்கோ இதற்கு நேர்மாறான தேவை: அவை திறந்தாக வேண்டும். டர்பைன்கள் நின்றுவிட்டால் ஆற்றில் வரும் நீர் முழுவதும் மதகுகள் வழியாகவே வெளியேற வேண்டும். மதகுகளை இயக்க வைத்திருக்கும் அவசரகால மின் இயந்திரம் பாறைச்சரிவில் புதைந்துபோனால், உறுதியான அணையின் மேலும் நீர் வழிந்தோடும் நிலை வரும்.

பாறையைக் குடைந்து அமைத்த மின்நிலையங்களும் சுரங்கங்களும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. சுற்றியுள்ள பாறையோடு அவையும் சேர்ந்து அசைகின்றன, ஆழத்தில் அதிர்வும் குறைவு. நிலப்பிளவைக் கடக்கும் இடங்களும், வாயில்களுமே அவற்றின் பலவீனங்கள்.

நிலநடுக்கம் ஓய்ந்த பிறகும் சேதம் தொடர்கிறது. வென்சுவானுக்குப் பின் சரிந்த மண் ஆற்றை அடைத்துத் தாங்ஜியாஷான் என்ற ஏரியே உருவானது. அது உடைந்து கீழே உள்ள ஊர்களை அழிக்காதிருக்க, கால்வாய் வெட்டி நீரை வெளியேற்றினார்கள். சரிவுகளில் தளர்ந்து கிடக்கும் மண்ணும் மணலும் அடுத்தடுத்த மழைக்காலங்களில் ஆற்றில் இறங்கி, நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்து, டர்பைனின் சுழலும் தகடுகளை அரிக்கின்றன.