டெபியூ ஆல்பம்: சொல் விளக்கம்

பாப் பங்க் (வேகமான ராக் இசையில் ஒரு வகை) குழு ஒன்று முதன்முறையாகப் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளை ஒன்றாக வெளியிட்டால் அதை ‘டெபியூ ஆல்பம்’ என்கிறோம்.

‘ஆல்பம்’ லத்தீன் சொல். வெண்மை என்ற பொருளில் பிறந்தது. பழைய ரோமில் அரசு அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு அதுதான் பெயர். பின்னாளில் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கும் ஏடும், படம் ஒட்டும் ஏடும் ஆல்பம் ஆயின. இசைக்குள் அது நுழைந்தது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளின் காலத்தில். ஒரு பக்கத்தில் சில நிமிட இசைதான் அடங்கும் என்பதால், நீண்ட படைப்பைப் பல தட்டுகளில் பதிந்து, உறைகளை ஏடுபோல் சேர்த்துக் கட்டி விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம், நீண்ட இசையை ஒரே தட்டில் அடக்கும் நெடுந்தட்டைக் (எல்.பி.) கொண்டுவந்ததும் அந்த ஏட்டுக்கு வேலையில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘தொகுப்பு’ அல்லது ‘இசைத்தொகுப்பு’ என்றால் போதும். (‘ஆல்பம் பாட்டு’ என்று நாம் சொல்வது வேறு; படத்தில் வராத தனிப்பாட்டு அது.)

‘டெபியூ’ பிரெஞ்சு. ஆட்டத்தில் முதல் அடி அடிப்பதைக் குறித்த வினையிலிருந்து வந்து, முதல் மேடைத் தோற்றத்தைக் குறிக்கலாயிற்று. உடனே ‘அரங்கேற்றம்’ நினைவுக்கு வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலப்பதிகார மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில், சோழன் முன் அரங்கேறுகிறாள். கற்று முடித்தவரின் சொல் அது. பங்க் மரபோ கிட்டாரில் நாலு சுரக்கூட்டு (chord) தெரிந்தவுடன் மேடையேறச் சொல்வது. அமெரிக்க பங்க் குழுவான ரமோன்ஸின் 1976ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் 14 பாட்டுகளும் அரை மணிக்குள் முடிந்துவிடுகின்றன. அந்த வேகத்தோடு, கூட்டம் சேர்ந்து பாடும்படியான பல்லவியைச் சேர்த்தால் பாப் பங்க்.

இத்தகைய குழுவின் முதல் வெளியீட்டில், பள்ளி நாளில் எழுதிய பாட்டும் ஒலிப்பதிவுக்கு முந்தைய வாரம் எழுதிய பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் டிரம்ஸ் முந்தி ஓடும். இரண்டு பாட்டுகளைப் பிரித்தறியவே முடியாது. அடுத்ததில் ஒரு பல்லவி வந்து நாள் முழுக்க விடாது. இதைச் ‘சீரற்ற’ தொகுப்பு என்று எழுதுகிறார்கள். ஏதோ கலைந்து கிடப்பதுபோல் தொனிக்கிறது. ‘ஏற்ற இறக்கமுள்ள’ என்பதே பொருந்தும். இன்னும் மோசம் ‘வாக்குறுதி தரும் குழு’ என்பது. வாக்குறுதி தருவது தேர்தல் வேட்பாளர். ‘நம்பிக்கை தரும் குழு’ என்று எழுதலாம்.

‘அறிமுகத் தொகுப்பு’ பரவிவிட்ட வழக்கு, பிழையில்லை. ஆனாலும் என் தேர்வு ‘முதல் தொகுப்பு’. இரண்டாவது வரும்போது ‘இரண்டாம் தொகுப்பு’ என்று எழுதிவிடலாம்.